ஹெரன்ஸ் பட்டியலில் கடைசி இரண்டு இடம்

இருபத்து மூன்று ஆட்டக்காரர்கள், நான்கு மாதம், ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டாலர். இதற்கு மேல் ஒரு டாலர் கூடினாலும் லீக் அபராதம் போட்டுவிடும். 2025 செப்டம்பர் எட்டாம் தேதி முதல் இந்த எண்களைக் கட்டி மேய்க்கும் வேலை நாகலக்ஷ்மியுடையது. வயது ஐம்பத்து மூன்று. பிறந்தது பெருந்துறை, படித்தது ஈரோட்டில் பி.காம்., குடியிருப்பது டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட். வேலை பார்ப்பது ஃபோர்ட் பென்ட் ஹெரன்ஸ் என்ற பேஸ்பால் அணியின் அலுவலகத்தில். அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மைதானத்து டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் மேனேஜர் வெர்ன் டகெட். இன்னொன்றில் நாகலக்ஷ்மியும் பாப்கார்ன் மூட்டைகளும்.

டிவியில் வருகிற பேஸ்பால் வேறு. அங்கே ஒரே ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் ஒரு வருடத்துக்கு வாங்கும் பணத்தில் ஹெரன்ஸ் மாதிரி நூறு அணிகளை ஓட்டலாம். ஹெரன்ஸ் ஆடும் லீக் சின்னது. மேலே போய்விட்டு இறங்கி வந்தவர்களும், மேலே ஏற வழி தேடும் பையன்களும் ஒரே பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். மே மாதம் தொடங்கும், ஆகஸ்டில் முடியும். அதற்குப் பிறகுதான் அலுவலகத்தில் ஆட்டம் ஆரம்பம்: யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, மிச்சமாகிற பணத்துக்கு யாரைப் பிடிப்பது.

நாகலக்ஷ்மி பேஸ்பாலுக்கு வந்தது சமோசா வழியாக. 2017இல் தமிழ்ச் சங்கத்துக்கு மைதானத்தில் ஒரு நாள் ஸ்டால் கொடுத்தார்கள். ஐந்நூறு சமோசாவும் ஆறு மணிக்குள் தீர்ந்துவிட்டது. செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்தவர், வாசலில் ஒரு டாலருக்கு விற்ற ஸ்கோர் அட்டையையும் பென்சிலையும் வாங்கினார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி. யாராவது பந்தைக் கோட்டை விட்டால் அதை 'எர்ரர்' என்று பெரிய பலகையில் எல்லாரும் பார்க்க எழுதிப் போட்டார்கள். பி.காம். மூளைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "தப்பைக்கூட இத்தனை ஒழுங்கா எழுதி வெக்கறாங்களே!" என்று கணவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அடுத்த வருடம் சீசன் டிக்கெட் வாங்கினார். இன்றைக்கு அவரிடம் பதினோரு ஸ்கோர் நோட்டுகள் இருக்கின்றன, எல்லாம் பென்சில் எழுத்து.

சின்ன லீக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரனுக்கு அப்பார்ட்மென்ட் எடுத்துத் தங்கும் அளவுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் ஊர்க்காரர்கள் சிலர் ஒரு அறையும் ஒரு சாவியும் ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் கொடுத்து சீசன் முழுக்கத் தங்க வைப்பார்கள். ஹோஸ்ட் ஃபேமிலி என்று அதற்குப் பெயர். 2022 ஏப்ரலில் அப்படி நாகலக்ஷ்மி வீட்டுக்கு வந்தவன்தான் டஸ்டின் ரேக்லி. அப்போது வயது முப்பத்து மூன்று. ஆறடி இரண்டு அங்குலம், இரண்டு பை, மூன்றாவதாக ஒரு நாற்றம் பிடித்த பை.

மூன்றாவது பையில் இருந்தவை கேட்சருக்கான கவசங்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கிற இடம்தான் பேஸ்பாலில் கேட்சருக்கு. ஆனால் கேட்சர் ஒவ்வொரு பந்துக்கும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நூற்றைம்பது தடவை உட்கார்ந்து எழ வேண்டும். டஸ்டின் அதைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தான். மேல் லீக்கில் ஒன்பது நாள் ஆடியிருக்கிறான். அந்த ஒன்பது நாளைப் பற்றி யாராவது கேட்டால், "நல்ல ஹோட்டல்" என்று மட்டும் சொல்வான்.

குமாரசாமி, அதாவது நாகலக்ஷ்மியின் கணவர், எண்ணெய்க் குழாய்களில் துரு பிடிப்பதைக் கண்டுபிடிக்கும் இன்ஜினியர். வந்த முதல் வாரமே டஸ்டினை அவருக்குப் பிடித்துவிட்டது. காரணம் பஞ்சு. சீசன் இல்லாத மாதங்களில் டஸ்டின் மேற்கு டெக்சஸில் லமீஸா என்ற ஊரில் ஒரு பஞ்சு ஜின்னிங் ஆலையில் வேலை பார்க்கிறவன். குமாரசாமியின் அப்பா அவிநாசியில் ஜின்னிங் வைத்திருந்தவர். இருவரும் உட்கார்ந்தால் விதையைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அவன் இவரை மிஸ்டர் கே என்பான், நாகலக்ஷ்மியை மிஸ் நாகா என்பான். இவர் அவனைத் தம்பி என்பார்.

2023 ஜூனில் ஒரு நாள் ஆட்டத்துக்கு முன்னால் நாகலக்ஷ்மி அரிசிப் பருப்புச் சாதம் செய்து நெய் ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு டஸ்டின் மூன்று முறை அடித்து ஓடினான். பேஸ்பால்காரர்களைப் போல சகுனம் பார்க்கிறவர்கள் உலகத்தில் கிடையாது. மறுநாள் பத்து மணிக்கே சமையலறையில் வந்து நின்று, "மிஸ் நாகா, அந்த மஞ்சள் சோறு..." என்றான். பத்தொன்பது நாள் தொடர்ந்து மஞ்சள் சோறு. இருபதாம் நாள் அவன் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் திரும்பி வந்தபோது வருத்தப்பட்டவன் அவன் மட்டும்தான்.

பக்கத்து ஊரான கேட்டியில் இருந்து வரும் நண்பர் கிட்டுசாமி சும்மா இருப்பாரா? "ஏனுங்க குமாரசாமி, ஊட்டோட வெள்ளைக்கார மாப்பிள்ளை வெச்சிருக்கீங்களாமா?" என்று சங்கத்துப் பொங்கல் விழாவில் நாலு பேர் நடுவில் கேட்டார்.

"மாப்பிள்ளையா இருந்தா தட்டைக் கழுவி வெப்பானுங்களா? இவன் கழுவி வெக்கறான்" என்றார் குமாரசாமி.

நாகலக்ஷ்மிக்கு ஹெரன்ஸில் வேலை கிடைத்ததும் டஸ்டினால்தான். சம்பளக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி போன ஆகஸ்டில் ரிட்டயர் ஆனார். "என் ஹோஸ்ட் அம்மா பதினாலு வருஷமா டாக்ஸ் ஆபீஸ்ல கணக்குப் பார்க்கறாங்க. உங்க ஆட்டம் ஒவ்வொண்ணையும் பென்சில்ல எழுதியும் வெச்சிருக்காங்க" என்று வெர்னிடம் சொல்லிவிட்டுத்தான் அவன் லமீஸாவுக்குப் பஸ் ஏறினான். அதே டஸ்டினுடைய பெயர்தான் நவம்பரில் அவர் மேஜைக்கு வந்தது.

நவம்பர் 17, திங்கட்கிழமை. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் பட்டியல் லீக்குக்குப் போயாக வேண்டும். இருபத்தோரு பேர் முடிந்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு இடம், பன்னிரண்டாயிரம் டாலர். ஒரு கேட்சர் வேண்டும், இடது கையால் பந்து வீசும் பிட்சர் ஒருவர் வேண்டும். லீக் விதிப்படி யாருக்கும் மாதம் எண்ணூறுக்குக் குறைவாகக் கொடுக்க முடியாது. ஆக எவ்வளவு சாதாரணப் பிட்சருக்கும் நாலு மாதத்துக்கு மூவாயிரத்து இருநூறு ஆகும்.

கேட்சர் இடத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று டஸ்டின், வயது முப்பத்து ஆறு, மாதம் இரண்டாயிரம். இன்னொன்று போன வருடம் அவனுக்கு மாற்றாக ஆடிய மாத்தியோ ஸலாஸ். லரேடோ ஊர்ப் பையன், வயது இருபத்து இரண்டு, மாதம் ஆயிரம் போதும்.

வெர்னுக்கு அறுபத்தொரு வயது. தொப்பியைக் கழற்றாமல் பேசுகிறவர். எக்ஸல் ஷீட்டை அவரே திருப்பிக் காட்டினார். "பாருங்க நாகா. டஸ்டின் எட்டாயிரம், அவனுக்கு வீட்டுப் படி ஆயிரத்து நானூறு. ஒன்பதாயிரத்து நானூறு போச்சு. மிச்சம் ரெண்டாயிரத்து அறுநூறுக்கு எந்தப் பிட்சரும் வர மாட்டான், லீக்கும் விடாது. மாத்தியோன்னா எல்லாம் சேர்த்து ஐயாயிரத்து நானூறு. எனக்கும் டஸ்டின்னா உயிர். ஆனா பேப்பர் சொல்லுதே."

"வீட்டுப் படின்னா என்ன?" என்றார் நாகலக்ஷ்மி.

"ஹோஸ்ட் ஃபேமிலிக்கு மாசம் முந்நூற்றைம்பது கொடுக்கறோமே. அது அந்த ஆட்டக்காரன் பேர்லதான் ஏறும். பிட்சரை உள்ளூர்லயே பிடிச்சா அந்தப் படி இல்லை."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

வெர்ன் தொப்பியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்குத்தான்."

நாகலக்ஷ்மி எழுந்தார். தன் அறைக்குப் போய் வங்கிக் கணக்கைத் திறந்தார். எழுதிக் கொடுத்தும் பணமாகாத செக்குகள் தனிப் பட்டியலாக வந்தன. பதினாறு. 2022 மே தொடங்கி வருடத்துக்கு நான்கு. அத்தனையும் ஒரே பெயருக்கு, ஒரே விலாசத்துக்கு. அந்த விலாசத்தில்தான் அவர் காலையில் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"ஏனுங்க, இங்க வாங்க."

குமாரசாமி லேப்டாப்பை மூடாமலே எட்டிப் பார்த்தார். "என்ன நாகு?"

"பதினாறு செக். உங்க பேர்ல. எங்க?"

அவர் முகத்தில் நாலு வருடத்து வெயில் ஒரே நேரத்தில் அடித்தது. "அதுவா... இருக்குது."

"இருக்குதா? பேங்க்ல போடல?"

"ஏம்மா, விருந்தாளி தின்ன சோத்துக்கு பில் போடறதா? வெளிய தெரிஞ்சா கிட்டுசாமி சிரிக்க மாட்டாரா?"

"அப்ப திருப்பி அனுப்பியிருக்கலாமில்லீங்க?"

"திருப்பி அனுப்புனா அவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி. பேங்க்ல போட்டா நம்ம மூஞ்சில நாமே அடிச்ச மாதிரி. அதான் வெச்சுட்டேன்."

"எங்க வெச்சீங்க?"

"வாஷிங் மெஷின் ஃபைல்ல."

"எந்த வாஷிங் மெஷின்?"

"பழையது."

"அதை வித்து ஆறு வருஷமாச்சு!"

"ஃபைல் இருக்குதே" என்றார் குமாரசாமி.

பதினாறும் உறை பிரித்தபடி, தேதி வரிசையில் இருந்தன. நாகலக்ஷ்மிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது. செக் வந்திருப்பது தனக்குத் தெரிந்திருந்தால் தானும் பேங்கில் போட்டிருக்க மாட்டோம் என்பது அவருக்கே தெரியும். எங்கே வைப்பது என்று வேறு ஃபைலைத் தேடியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதன் பலன் என்ன ஆயிற்று பாருங்கள். இவர்கள் வாங்காத பணம் நாலு வருடமாக டஸ்டின் தலையில் ஏறி, தாளில் அவனை விலை கூடிய ஆளாக்கி வைத்திருக்கிறது. விருந்தாளிக்குச் செய்த மரியாதையே அவன் வேலைக்கு உலை வைக்கப் பார்க்கிறது.

ஆஸ்டினில் வேலை பார்க்கும் மகள் விஷாகா போனில் கேட்டுவிட்டு, "அம்மா, திஸ் இஸ் லிட்ரலி கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்" என்றாள்.

"இன்ட்ரஸ்ட்டெல்லாம் இல்லடி, அசல்கூட வாங்கல" என்றார் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலை பதினாறு செக்கும் வெர்ன் மேஜையில் இருந்தன. கூடவே ஒரு கடிதம்: எங்கள் வீட்டில் தங்குகிறவருக்காக நாங்கள் பணம் பெறுவதில்லை, இனியும் பெறமாட்டோம். கீழே இரண்டு கையெழுத்து. ஹோஸ்ட் குடும்பம் எழுதிக் கொடுத்தால் படி கணக்கில் ஏறாது என்று லீக் விதிப் புத்தகத்தில் பதினெட்டாம் பக்கத்தில் இருப்பதையும் நாகலக்ஷ்மி மடித்து வைத்திருந்தார்.

வெர்ன் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். டஸ்டின் எட்டாயிரம். மிச்சம் நாலாயிரம். பிட்சர் வந்துவிடுவான். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீன்னா டஸ்டினை வெச்சுக்கலாம் போலிருக்கே! இருங்க, ஒண்ணே ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "நீங்க அவனை வீட்ல தினம் பார்த்தீங்க. ஆகஸ்ட்ல கொஞ்சம் மெதுவா எழுந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு. முழங்கால் எப்படி இருக்கு? எழுபது ஆட்டம் உட்காருவானா?"

நாகலக்ஷ்மி பார்த்ததை வேறு யாரும் பார்த்ததில்லை. ஜூலை நடுவில் ஒரு காலை டஸ்டின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினான், ஏணியில் இறங்குவது போல. அடுப்படியிலிருந்து பார்த்தவர் சத்தம் காட்டாமல் திரும்பிக்கொண்டார். அன்று மதியமே, "மாடி ரூம்ல ஏசி சரியா கூல் பண்ணலை, கீழே ஸ்டடி ரூம்ல படுத்துக்கோ" என்று அவன் பைகளைக் கீழே கொண்டு வந்து வைத்தார். அதற்கு மேல் அதைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை.

"நாளன்னிக்கு சொல்றேன், வெர்ன்" என்றார்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கோர் நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். பிடித்திருக்கிறது என்பதற்காகப் பென்சில் கோடு மாறாது. போன சீசனில் டஸ்டின் பிடித்தபோது எதிரணிக்காரர்கள் எழுபது முறை, பந்து வீசும் நேரம் பார்த்து, அடுத்த பேஸுக்கு, அதாவது மைதானத்தின் அடுத்த மூலைக்கு, திருட்டு ஓட்டம் ஓடியிருக்கிறார்கள். அவன் பந்தை எறிந்து அவுட் ஆக்கியது பதினாலு. மாத்தியோவிடம் நாற்பத்தொரு முறைதான் ஓடிப் பார்த்தார்கள், பத்தொன்பது பேர் அவுட். ஜூலைக்குப் பிறகு டஸ்டினின் கட்டங்கள் இன்னும் மோசம். அவன் எழுவதற்குள் ஓடுகிறவன் பாதி தூரம் போயிருப்பான்.

சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால், தன் கையெழுத்தோடு போகிற ஷீட்டில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கும். மாத்தியோ என்ன பாவம் செய்தான்? அவனும் வெள்ளிக்கிழமைக்காக லரேடோவில் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். புதன்கிழமை மதியம் வரை தள்ளிப் போட்டுவிட்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து லமீஸாவுக்கு போன் போட்டார்.

"மிஸ் நாகா! ஒரு நிமிஷம், வெளிய வர்றேன்." பின்னால் ஆலை இரைச்சல் மெல்லக் குறைந்தது. "சொல்லுங்க. மிஸ்டர் கே சௌக்கியமா?"

"எல்லாரும் சௌக்கியம். சாப்பிட்டியா?"

"பர்ரிட்டோ. ஆறிப் போனது."

"டஸ்டின், வெர்ன் என்கிட்ட உன் முழங்காலைப் பத்திக் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. எங்க வீட்ல பார்த்ததை ஆபீஸ்ல சொல்றது என்னால ஆகாது. ஆனா பொய்யும் சொல்ல முடியாது, அந்த ஷீட்ல நான்தான் கையெழுத்துப் போடணும். நீயே அவர்கிட்ட பேசிடு."

"பேசினா நான் அவுட்."

"தெரியும்."

"அந்த மாடி ரூம் ஏசி நல்லாத்தான் இருந்துச்சு, மிஸ் நாகா. அன்னிக்கே கையை வெச்சுப் பார்த்தேன். ஐஸ் மாதிரிக் காத்து."

"அப்புறம் எதுக்குக் கீழ வந்தே?"

"முட்டி வலிச்சுதே!"

இருவரும் சிரித்தார்கள். நாகலக்ஷ்மிதான் முதலில் நிறுத்தினார். "டாக்டர்கிட்ட போனியா இல்லியா?"

"செப்டம்பர்ல போனேன், லப்பக்ல. உள்ள ஒரு சவ்வு கிழிஞ்சிருக்காம். சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு சரி பண்ணிடலாம், அதுக்கப்புறம் அஞ்சு மாசம் குத்துக்காலிடக் கூடாதுன்னாரு. ஆலையில இன்ஷூரன்ஸ் இருக்கு, காசு பிரச்சினை இல்லை. ஆனா ஜனவரி கடைசி வரைக்கும் இங்க பஞ்சு ஓடும், லீவு கிடையாது. அதுக்கப்புறம் அஞ்சு மாசம்னா ஜூன் முடிஞ்சிடும். மே மாசம் சீசன். எனக்காக எந்த டீம் காத்திருக்கும்?"

நாகலக்ஷ்மி ஸ்டியரிங்கின் மேல் விரலை மடக்கி எண்ணினார். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். "ஜூலைல ஆடலாமில்ல?"

"ஜூலைல ஆளெடுப்பாங்களா?"

"போனை வெச்சுடாதே" என்று கைப்பையில் பென்சிலைத் தேடினார். ஜூலை முதல் தேதிக்குப் பிறகு ஒவ்வொரு அணியும் இருபத்து நான்காவதாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். விதிப் புத்தகத்தில் அது இருபத்தோராம் பக்கம். சம்பளம் ஆடுகிற மாதங்களுக்கு மட்டும்தான் கணக்கில் ஏறும். பன்னிரண்டாயிரத்தில் மாத்தியோவுக்கு ஐயாயிரத்து நானூறு. பிட்சருக்கு மூவாயிரத்து இருநூறு. ஒரு பெட்ரோல் ரசீதின் பின்பக்கம் நிரம்பியது. "மாசம் ஆயிரத்து எழுநூறு. ரெண்டு மாசம். அதுக்கு மேல ஒரு சென்ட்கூட இல்லை. சம்மதமா?"

"மிஸ் நாகா, நீங்க இப்ப என்கிட்ட விலை பேசறீங்களா?"

"ஆமா. மார்க்கெட்ல வெண்டைக்காய்க்கே பேசறவ நான். முதல்ல நீ வெர்னைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லு. அப்புறம்தான் இந்த ஷீட்டை நான் காட்டுவேன்."

வியாழன் காலை எட்டரைக்கு வெர்ன் நாகலக்ஷ்மியின் அறைக்கு வந்து ஒரு பாப்கார்ன் மூட்டையின் மேல் உட்கார்ந்தார். முகம் சரியாக இல்லை.

"உங்க பையன் போன் பண்ணான்."

"என் பையன் இல்லை. உங்க கேட்சர்."

"சீசன் பாதி என்கிட்ட மறைச்சிருக்கான். நீங்களும்தான்."

"ஜூலைல நான் இங்க வேலை பார்க்கலை, வெர்ன். அவன் எங்க வீட்டு விருந்தாளி. வீட்டுக்கு வந்தவனோட வலியை வெளிய போய் சொல்ல மாட்டோம். இப்ப உங்ககிட்ட சம்பளம் வாங்கறேன், அதனாலதான் அவனையே சொல்ல வெச்சேன்."

"எழுபது முடியாதாம். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா ஜூலைக்கு மேல இருபத்தஞ்சு ஆட்டம் பிடிப்பேன்னு சொல்றான். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், தன் விலையைத் தானே குறைச்சுச் சொன்ன ஆட்டக்காரனை இப்பத்தான் பார்க்கறேன்."

நாகலக்ஷ்மி புது ஷீட்டைத் திருப்பி வைத்தார். மே மாதத்திலிருந்து முதல் கேட்சர் மாத்தியோ. ஒரு பிட்சர். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் டஸ்டின், வீட்டுப் படி பூஜ்யம்.

"ரெண்டாயிரம் கேட்பானே."

"ஆயிரத்து எழுநூறு. கேட்டுட்டேன்."

"நீங்க எப்ப மேனேஜர் ஆனீங்க?"

"புதன்கிழமை மதியம், பார்க்கிங்ல."

வெர்ன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "மிச்சம் எவ்வளவு?"

"ஒண்ணுமில்லை. சரியா ஒரு லட்சத்து நாற்பதாயிரம்."

"ஒரு டாலர்கூட கையில வேணாமா?"

"என் பர்ஸ்ல இருக்கு. லீக் ஒத்துக்காது."

ஆனால் மனிதர் உடனே தலையாட்டிவிடவில்லை. ஜூலையில் முழங்கால் தேறியிருக்கிறதா என்று அணியின் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரியைத் தன் கையால் சேர்த்தார். "அவன் மேல கோபம் இன்னும் போகலை. அதையும் அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றார். நாகலக்ஷ்மி அந்த வரியைப் படித்துப் பார்த்து, நியாயம்தான் என்று சொன்னார்.

மாத்தியோவுக்கு வெர்ன் அங்கிருந்தே, ஸ்பீக்கரில் போட்டு, போன் செய்தார். முதல் கேட்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் லரேடோவில் ஒரு வீடு முழுவதும் கத்தியது. நாய் குரைத்தது. யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள். சத்தம் அடங்கியதும் பையன் கேட்டான்: "அப்போ டஸ்டின்?"

"ஜூலைல வர்றான், முட்டி ஒத்துழைச்சா."

"வரட்டும், வரட்டும். அந்த மஞ்சள் சோத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு நாகா ஆன்ட்டிகிட்ட சொல்லுங்க." போன சீசனில் அவன் அதை இரண்டு முறை டஸ்டினுடைய டப்பாவிலிருந்தே திருடித் தின்றது நாகலக்ஷ்மிக்குத் தெரியும்.

பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பதுக்கு லீக்குக்குப் போனது. டஸ்டினுக்கு ஜனவரி 28, புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு லப்பக்கில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்ததும் வீட்டுக்குக் காரில் கூட்டிப் போக ஆள் இருந்தால்தான் செய்வோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். படிவத்தில் அந்த இடத்தில் அவன் குமாரசாமியின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். சுகர் லேண்டிலிருந்து லப்பக் எட்டரை மணி நேர டிரைவ். குமாரசாமியும் நாகலக்ஷ்மியும் செவ்வாய் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள்.